பயக்காப்பு

பொன்னுலிங்கத்துக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் அன்று மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு வாய் வைத்ததும், நாக்கெல்லாம் சுண்ணாம்பு பட்டதுபோல எரிகிறது என்று மூடிவைத்துவிட்டான். முகம் வெளிறிக் கிடந்தது. அவன் மனைவி பிரம்மசக்தி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் ஒன்றும் இல்லை.

"காலையில அந்த வளையத்த மாட்டுனதுலேர்ந்து இப்படித்தான் இருக்கு, சக்தி. அந்த ஆளு வெத்தல போட்டிருந்திருக்கான். அது என் வாயில எரியுது."

செங்கோட்டைக்குப் பக்கத்தில் கதவும் நிலையும் செய்கிற ஒரு மர அறுவை மில்லில் இருவருக்கும் வேலை. அவன் வட்ட ரம்பத்தில் மரச்சட்டம் அறுக்கிறவன். அவள் அறுத்துவிழும் பலகையைத் தூக்கி அடுக்குகிறவள். பல் முளைக்காத பெண்குழந்தை ஒன்று, பேர் தனுஸ்ரீ. மில் டீ கொட்டகையின் உத்திரத்தில் பிரம்மசக்தியின் பழைய பச்சைச் சேலையில் தொட்டில் கட்டி அதில் போட்டிருப்பார்கள். ரம்பச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்ததால், அது ஓடினால்தான் குழந்தை தூங்கும். மின்சாரம் போனால் விழித்துக்கொள்ளும்.

அன்று காலையில்தான் மில் முற்றத்தில் பயிற்சி வகுப்பு நடந்தது. பாதுகாப்பு விதிகள் எழுதிய பலகை சுவரில் வெகுகாலமாகத் தொங்குகிறது. ரம்பத்தின் மூடியைக் கழற்றாதே, கட்டையைக் கையால் தள்ளாதே, தள்ளுகட்டையால் தள்ளு, கையுறை போடாதே, தொளதொளச் சட்டை போடாதே, கண்ணாடி போடு. தூக்கத்தில் கேட்டால்கூட எல்லாரும் ஒப்பிப்பார்கள். ஒப்பித்துவிட்டு, மூடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு வேலை செய்வார்கள். மூடி இருந்தால் வேகம் வராது. வேகம் வராவிட்டால் சூப்பர்வைசர் வாய் சும்மா இருக்காது. பரணில் கிடந்த மூடிகளில் சிலந்திகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் நன்றாக அறிந்தவள்போலத்தான் வந்திருந்தாள் மெர்லின். ரம்பம் விற்கிற கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. நாகர்கோவில்காரி.

"விதி எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனா தலைக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம், கைக்குத் தெரியணும்லா?" என்று சொல்லி ஒரு சாம்பல்நிற வளையத்தைத் தூக்கிக் காட்டினாள். "இத மாட்டிக்கிட்டாத்தான் இனி ரம்பம் ஓடும். மேல ஒரு கேமரா இருக்கு. உங்க கை பிளேடுகிட்ட நாலு விரக்கடைக்குள்ள போச்சுன்னா, வளையம் உங்களுக்கு ஒரு பயத்தக் குடுக்கும். நெசமான பயம். நீங்க நெனைக்கதுக்கு முன்னாடி உங்க கை தானா பின்னால வந்துரும்."

"யாரோட பயம் மேடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வடக்க ஒரு மில்லுல ஒருத்தர் நாடி பாக்குற வளையம் போட்டுக்கிட்டு வேல செஞ்சாரு. அவரு கை ரம்பத்துல போன அந்த நேரத்த வளையம் அப்படியே புடிச்சு வச்சுட்டுது. அவரு கண்டது, மோந்தது, நெஞ்சு அடிச்சது, எல்லாம். அதத்தான் எல்லாருக்கும் போடுதோம். உங்க வளையமும் அப்படித்தான். பயத்தக் குடுக்கதும் அதுதான், உங்க பயத்தப் புடிச்சு எடுக்கதும் அதுதான். இதவிடப் பெரிய பயம் எங்கயாவது கெடைச்சா அது கம்பெனிக்குப் போயிரும்."

இடுப்பில் குழந்தையோடு ஓரமாக நின்ற பிரம்மசக்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் மேடம், கை கிட்ட வந்தா பிளேடே நின்னுருத மாதிரி செய்யக் கூடாதா?"

மெர்லின் அவள் பக்கம் திரும்பினாள். "செய்யலாம்மா. அப்படி மிஷினும் இருக்கு. ஆனா சடக்குன்னு நிக்கும்போதெல்லாம் பிளேடு வீணாப் போவும். எந்த மொதலாளி வாங்குவாரு? பயத்துக்கு அந்தச் செலவு இல்ல."

"அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?"

"அது தெரியாதும்மா."

ஒவ்வொருவராக வளையத்தை மாட்டி, ஓடாமல் நிற்கிற பிளேடின் பக்கம் கையை நீட்டிப் பார்த்தார்கள். பொன்னுலிங்கம் சிரித்துக்கொண்டே போனான். நீட்டிய மறுநொடி போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாக்களெல்லாம் எழும்பிவிட்டன. கீழே உட்கார்ந்து வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தொட்டுத்தொட்டுப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

ஆட்கள் வளையத்துக்குப் பயக்காப்பு என்று பேர் வைத்தார்கள். காப்பு சொன்னதைச் செய்தது. யாருக்கும் விரல் போகவில்லை. மற்றதெல்லாம் போனது. நாள் பூராவும் வேலை செய்கிறவனின் கை எத்தனையோ தடவை பிளேடுப் பக்கம் போய்வரும். போகும்போதெல்லாம் யாரோ ஒருவனின் கை அவன் கையாக அறுபட்டது. பொன்னுலிங்கம் இளைத்துப்போனான். வீட்டில் அவள் மிக்சியைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவான். சோறு பிசையும்போது விரல்களை எண்ணினான். கையை நீட்டத் தயங்கியதால் வேலை மந்தமாயிற்று. இப்படியே போனால் லாரியில் மரத்தடி ஏற்றப் போகவேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். முதுகெலும்பில் ஏற்கெனவே தட்டு விலகினவன் பொன்னுலிங்கம். தடி தூக்கினால் அதோடு படுக்கைதான் என்று இருவருக்கும் தெரியும்.

ஒருநாள் கடைசி மிஷினில் வேலை செய்யும் செல்வின் காப்பைக் கழற்றி மில் நாயின் கழுத்தில் மாட்டிப் பார்த்தான். காப்புக்கு ஆள் யார் என்று தெரியாது. சூடும் நாடியும் இருந்தால் போதும், ரம்பம் ஓடும். ஓடவும் செய்தது. செல்வின் கை பிளேடுப் பக்கம் போனதும் அந்த நாய் தரையைப் பிறாண்டி, ஊளையிட்டு, வேலியைத் தாண்டி ரோட்டில் ஓடியே போய்விட்டது. காப்பு எல்லை தாண்டியதும் ரம்பம் நின்றது. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிரம்மசக்தியும்தான் சிரித்தாள். பொன்னுலிங்கம் மட்டும் சிரிக்காமல், அந்த வேலியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாய்க்குப் பிளேடுன்னா என்னன்னு தெரியும்லா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "நித்தம் பாக்குதுல்லா."

அதன்பிறகு சில நாளில் அவன் தேறிவிட்டான். இரண்டாம் தடவை சோறு கேட்டான். வேலையில் பழைய வேகம் வந்தது. குழந்தைமேல் பாசம் கூடிவிட்டது. காலையில் மில்லுக்கு வந்ததும் தானே தொட்டிலில் போட்டு, காலைத் துணியால் சுற்றி, கொஞ்சிவிட்டுத்தான் ரம்பத்துக்குப் போவான். சாப்பாட்டு மணி அடித்தாலும் முதலில் தொட்டிலுக்குத்தான் ஓடுவான், ஈரத்துணியையும் தானே மாற்றுவான். மற்ற பெண்கள் பிரம்மசக்தியைக் கேலி செய்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒரு மனுஷனைக் கட்டினோமே என்று ஒருநாள் உச்சி குளிர்ந்துபோய் அவனுக்குத் திருஷ்டிகூடச் சுற்றிப்போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் குழந்தைக்குக் கோளாறு தொடங்கியது.

தூங்கிக்கொண்டே இருக்கும். திடீரென்று உடம்பு விறைக்கும். கண் அகலத் திறந்து, மூச்சு உள்ளேயே நின்று, பிறகு ஒரு கத்து கத்தும். அது பசிக்கு அழுகிற அழுகை இல்லை, வயிற்றுவலி அழுகையும் இல்லை. பிரம்மசக்தி பலகையைப் போட்டுவிட்டு ஓடுவாள். குனிந்து தூக்கக் கையை நீட்டும்போதே சிலசமயம் மறுபடி விறைக்கும், அவள் கையையே பார்த்துக்கொண்டு கத்தும். தொட்டிலை விட்டுத் தூக்கினாலும் நின்றபாடில்லை. சாப்பாட்டு நேரத்தில் அடங்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இராது.

"பயந்த கோளாறுதான்," என்றார்கள் எல்லாரும். வேப்பிலை அடித்தார்கள். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் ஓதி ஊதிக் கயிறு கட்டினார்கள். பொன்னுலிங்கம்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தான். தண்ணீர் ஓதிக் கொடுத்தவர், "எதப் பாத்துப் பயந்துச்சு?" என்று கேட்டதற்கு அவன் தலை நிமிரவே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்," என்றாள் பிரம்மசக்தி.

"பைய சரியாப் போவும்ட்டி. சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? மறந்துரும்."

ஒருநாள் பலகை அடுக்குவதைப் பாதியில் விட்டுவிட்டுத் தொட்டிலின் பக்கத்திலேயே நின்றாள். என்னதான் வருகிறது, எங்கிருந்துதான் வருகிறது என்று பார்த்துவிடுவது என்று நின்றாள். பயமாகத்தான் இருந்தது. பேயோ பிசாசோ வந்தால் செருப்பைக் கழற்றி அடிக்கலாம் என்று தயாராகவும் இருந்தாள்.

பேய் ஒன்றும் வரவில்லை. கொட்டகைக்கு அந்தப் பக்கம் பொன்னுலிங்கத்தின் ரம்பம் வீல்வீலென்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் முடியப்போகும் நேரத்தில், கடைசித் துண்டைத் தள்ளும்போது, அதன் சத்தம் கொஞ்சம் இறங்கும். சத்தம் இறங்கியது, குழந்தை விறைத்தது. அடுத்த சட்டம். சத்தம் இறங்கியது. குழந்தை விறைத்தது.

காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். வெள்ளித் தண்டைக்கு மேலே, குட்டித் தொடையை இறுக்கிக்கொண்டு, சாம்பல்நிற வளையம் இருந்தது.

கழற்றினால் வேர்வை துடைக்கும் நேரம்வரைக்கும் காப்பு பொறுக்கும், அதற்குமேல் போனால் ரம்பம் நின்றுவிடும், நின்றால் ஊர் கூடிவிடும் என்கிற கணக்கு மட்டும் எப்படியோ அவள் மனசில் ஓடியது. கழற்றித் தன் கையில் மாட்டினாள். மாட்டி மூச்சு விடுவதற்குள் அங்கே அவன் சட்டத்தின் கடைசித் துண்டைத் தள்ளினான்.

வாயில் சுண்ணாம்பு எரிந்தது. ஈரத் தேக்கின் வாசம் வந்தது. அவளுடையதல்லாத ஒரு கை, மயிரடர்ந்த கை, பளபளவென்று சுற்றுகிற வட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. ஐயோ, ஐயோ என்று யாருடைய நெஞ்சோ அவள் நெஞ்சுக்குள் அடித்தது. தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதையா, இந்த ஒரு பிடிச் சதைக்கு, இத்தனை நாளாக?

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரம்பத்துக்கு நடந்தாள். அவன் அவள் கையைப் பார்த்தான். சுவிட்சை அணைத்தான்.

"ஏங்க," என்றாள். காப்பு மாட்டிய கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"சத்தம் போடாத சக்தி. உன் கால்ல விழுதேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு முடியல. கொஞ்ச நாள் போனா நானே கையக் குடுத்துருவேன்னு தோணிச்சு. ஒரேயடியாப் போனா இந்தப் பயமாவது போவும்லா. நாய்க்குக்கூடப் பிளேடு தெரியும். இதுக்கு என்ன தெரியும்? வெரலுன்னா என்னன்னே தெரியாதே. தெரியாத எடத்துல பயம் எதப் புடிச்சுக்கிட்டு நிக்கும், அப்படியே போயிரும்னு நெனச்சேன். அழுதா நீ தூக்கிருவ, மறந்துரும்னு…"

"அது கத்துனது உங்களுக்குக் கேக்கலயா?"

"ரம்பம் ஓடும்போது கேக்காது," என்றான் அவன். அதைச் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

அவனை வெட்டிப்போடலாம்போல இருந்தது. வெட்டவில்லை. வெளியே சொல்லவும் இல்லை. சொன்னால் வேலை போகும், அவனைப் போலீஸ் கொண்டுபோகும், குழந்தையை யார் கொண்டுபோவார்களோ என்று பயந்தாள். பயத்துக்குத்தான் அந்த வீட்டில் பஞ்சமே இல்லையே. அவன் காப்பைத் தன் கையில் மாட்டிக்கொண்டான். பரணிலிருந்து ரம்பத்தின் மூடியை இறக்கித் துடைத்துப் பூட்டினான். தள்ளுகட்டையும் வைத்துக்கொண்டான். வேகம் குறைந்தாலும் கை பிளேடுப் பக்கம் போகவேண்டியதில்லை. சூப்பர்வைசர் திட்டினதையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். விதிப்படி மூடி போட்டவனைத் தடி ஏற்ற அனுப்ப அவராலும் முடியவில்லை. சுவரில் தொங்கிய பலகை முதலிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

குழந்தை கத்துவது நின்றது. மூன்றாம் நாள் பிரம்மசக்தி தொட்டிலில் கையை விட்டாள், தூக்கிக் கொஞ்சலாம் என்று. குழந்தை கையைப் பார்த்தது. விறைத்தது. சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்தது.

முகத்தைக் காட்டினால் சிரித்தது. குரல் கொடுத்தால் திரும்பியது. கையைக் கண்டால்தான் ஆகவில்லை. யார் கையும் ஆகவில்லை, அவள் கை சுத்தமாக ஆகவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் சேலையில் கட்டிக்கொண்டு பக்கத்தில் படுத்தால், மெல்ல நகர்ந்துவந்து பால் குடிக்கும். குடித்துக்கொண்டே கண்ணைச் சுழற்றிக் கையைத் தேடும். தவழ்ந்தது, நடந்தது, மழலை பேசியது. தலை வாரிவிட முடியவில்லை. குளிப்பாட்டுவது ஒரு கொலை மாதிரி நடந்தது. விழப்போகும்போது பிடிக்கக் கையை நீட்டினால், விழுவதே மேல் என்று பின்னால் சாய்ந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் போகப்போகச் சரியாகும் என்றார்கள். என்ன நடந்தது என்பதை அவள் அவர்களிடம் சொன்னால்தானே?

மறுவருஷம் மெர்லின் மறுபடி வந்தாள். இந்தத் தடவை பலகை அடுக்குகிறவர்களும் பயிற்சி எடுக்கவேண்டும் என்று உத்தரவு. பிரம்மசக்தி குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து வரிசையில் உட்கார்ந்தாள்.

"பழைய பயம் உங்களுக்குப் பழகிப்போச்சுன்னு கம்பெனிக்குத் தெரியும்," என்றாள் மெர்லின். "இந்த வருசம் புதுசு. நாளையிலேர்ந்து எல்லா மில்லுக்கும் இதுதான்."

"இது யாரோடது மேடம்?" என்றான் செல்வின்.

"பேரும் ஊரும் வராது. போன வருசம் எங்கயோ ஒரு வளையத்துல விழுந்திருக்கு. எங்க ஆளுங்களே ஆச்சரியப்படுதாங்க. பெரிய ஆளுங்க பயத்துல ஒரு யோசன கலந்திருக்கும். ஐயோ வெரலு, ஐயோ குடும்பம்னு. இதுல யோசனையே இல்ல. வெறும் பயம். இப்படி ஒண்ணு இதுவரைக்கும் கெடைச்சதில்லயாம்."

பொன்னுலிங்கம் மெல்லத் திரும்பிப் பிரம்மசக்தியைப் பார்த்தான். அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. வளையத்தை மாட்டினார்கள். நின்றிருந்த பிளேடுப் பக்கம் அவள் கையை நீட்டினாள்.

பச்சை. நாலு பக்கமும் பச்சை. அதற்குள் வெளிச்சம் கசிந்தது. ஓரிடத்தில் வெள்ளை நூலால் எறும்பு வரிசைபோலத் தையல். அவளே தைத்த தையல். பால் வாசம். பேச்சு இல்லை, பேர் இல்லை, நேற்று இல்லை. திடீரென்று வெளிச்சம் மறைந்தது. மேலேயிருந்து ஒன்று இறங்கியது. ஐந்தாகப் பிரிந்து, பெரிதாக, கண்ணாடி வளையல் குலுங்க, பெருவிரலில் பழைய சூட்டுத் தழும்போடு. அது வந்துகொண்டே இருந்தது. அதைவிடப் பெரிதாக உலகத்தில் ஒன்றுமே இல்லை. ஓட அவளுக்குக் காலில்லை. கூப்பிட யாரையும் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தாள். அவளுக்கு முன்னால் போனவர்கள் ஆங்காங்கே சுருண்டு கிடந்தார்கள். மீசை வைத்த செல்வின் குழந்தை மாதிரி விக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு கை வருது மேடம். யாரோ ஒரு பொம்பள கை…"

பிரம்மசக்தி தன் பெருவிரல் தழும்பைப் பார்த்தாள். நாளையிலிருந்து எல்லா மில்லிலும் ஆம்பளைகள் இந்தக் கைக்குப் பயந்து கையை இழுத்துக்கொள்வார்கள். அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பிள்ளை பயப்படாமல் இருப்பதுதான்.

மெர்லின் குனிந்து வளையத்தைக் கழற்றப் போனாள். பிரம்மசக்தி மறுகையால் அதை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவ வைங்க மேடம்."

இதுவரை யாரும் மெர்லினிடம் அப்படிக் கேட்டதில்லை. "எதுக்கும்மா?"

"பயத்துல ஒண்ணும் சரியாப் பாக்கல. அந்தக் கை எந்தப் பக்கமா வருது, எவ்வளவு தூரத்துல வரும்போது பயம் பிடிக்குதுன்னு பாக்கணும். வேற பக்கமா வந்தா பயப்படாதோ என்னவோ." வளையத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "தெரிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போகணும்."

மெர்லினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொன்னுலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிரம்மசக்தி எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நிற்கிற பிளேடை நோக்கி மறுபடி கையை நீட்டினாள்.